சதையியின் வேலையை நான் எடுத்துக்கொண்ட கதை

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு பங்குனி மாத வியாழக்கிழமை, இரண்டாம் பாடத்தில், எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பதை என் வகுப்புப் பிள்ளைகள் பதினாறு பேரும் நானும் ஒன்றாகக் கண்டுபிடித்தோம்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வீடு கொக்குவிலில். ஐயா நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோதே காலமாகிவிட்டார். வீட்டில் அம்மாவும் நானும்தான். அண்ணைக்குக் கொழும்பில் கந்தோர் வேலை. மாதத்தில் ஒருமுறை ரெயிலில் வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போவார்.

நான் படித்தது முழுக்க ஆங்கிலத்தில். படிப்பிக்க வேண்டியது தமிழில். அந்தக் காலத்தில் விஞ்ஞான ஆசிரியர் எல்லோருக்கும் இருந்த தலையிடி அது. கலைச்சொற் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் முன்னே படித்து, மறுநாள் படிப்பிப்போம். அன்றைக்குப் பட்டியலிலிருந்து நான் கரும்பலகையில் எழுதிய சொல் 'ஒருசீர்த்திடநிலை'. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ரீச்சர், உதைச் சொல்லி முடிக்க முன்னம் மூச்சு நிண்டுபோம்" என்றாள் முன்வரிசையில் இருந்த ஒருத்தி.

"நிக்காது. நிக்கவிடாமல் பாக்கிறதுதான் உது" என்றேன்.

பிறகு விளக்கினேன். வெளியில் மத்தியான வெயில் கொளுத்தினாலும் மார்கழிப் பனி பெய்தாலும் உடம்பின் சூடு ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. இரண்டு செம்பு தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் மிச்சத்தை வெளியே விடுகிறது. குடிக்காவிட்டால் இருப்பதை இறுக்கிப் பிடிக்கிறது. வயிறு நிறையப் பிட்டுச் சாப்பிட்டாலும் சரி, கந்தசஷ்டிக்கு விரதம் இருந்தாலும் சரி, இரத்தத்தில் ஓடும் சீனி ஒரு எல்லைக்குள்ளேயே நிற்கும். கூடினால், இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும், கணையம் என்றும் சொல்கிற சதையி இன்சுலினைச் சுரந்து இறக்கும். குறைந்தால் ஈரல் தன் சேமிப்பிலிருந்து கொஞ்சம் அவிழ்த்துவிடும். நாங்கள் நித்திரை கொண்டாலும் பள்ளிக்கூடத்தில் இருந்தாலும் சண்டை பிடித்தாலும் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். எங்களை ஒருவரும் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு செய்முறை. நீல நிறமான பெனடிக்றின் கரைசலில் சோதிக்க வேண்டிய பொருளில் சில துளி விட்டு மதுசார விளக்கில் சூடாக்குவது. சீனி இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று மாறி, மிக அதிகமானால் செங்கட்டி நிறத்துக்கு வந்து நிற்கும். கொடிமுந்திரிகைச் சாற்றையும் பாலையும் பிள்ளைகள் சோதித்து முடித்தார்கள். ஆரோக்கியமான ஒருவரின் சிறுநீரில் சீனி இருக்காது என்று காட்டுவது மிச்சமாக இருந்தது. சிறுநீர் தர ஒருத்தியும் முன்வரவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எதிர்பார்த்ததுதான். அதனால் காலையிலேயே என்னுடையதை ஒரு சிறு போத்தலில் எடுத்து வைத்திருந்தேன்.

முன்வரிசைக்காரிதான் சோதனைக் குழாயைப் பிடித்தாள். நான் முதுகைத் திருப்பிக் கரும்பலகையில் 'நீலம்: சீனி இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் சத்தம் ஒன்றுமில்லை. பதினாறு பிள்ளைகள் உள்ள வகுப்பில் சத்தமில்லாவிட்டால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். திரும்பினேன். அவள் கையில் இருந்த குழாயில் செங்கல்லைக் கரைத்து விட்டதுபோல் ஒரு நிறம்.

"ரீச்சர், இது ஆற்றை?"

முந்திரிகைச் சாற்றுக் குழாய் மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்த யோசனை வரத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன்னரே வாய் சொல்லிவிட்டது.

"என்ரை."

இன்னொரு குழாய் எடுத்து, கழுவி, நானே செய்தேன். மறுபடி செங்கட்டி. கரும்பலகையில் எழுதியதை அழித்துவிட்டு, "இதுதான் ஒருசீர்த்திடநிலை குழம்பினால் வாறது. வடிவாப் பாத்துக் குறிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள். ஒருத்தி அழுதாள். மணி அடித்தது.

விலங்கியல் படிப்பிக்கிறவளுக்கு இதற்கு முன்னரே தெரியவில்லையா என்று பிறகு பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மூன்று மாதமாக மெலிந்துகொண்டு வந்தேன். சட்டையின் கை தொளதொளவென்று தொங்கியது. பாடத்துக்குப் பாடம் இடையில் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். அம்மா வெயில் என்றார். கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம் என்பதால் உடன் ஆசிரியைகள் கலியாணக் கவலை என்றார்கள். நான் இரண்டையும் நம்பினேன். சீனி வருத்தம் என்றால் ஐம்பது வயது தாண்டி, தொந்தி வைத்து, கதிரையில் சாய்ந்திருக்கிறவர்களுக்கு வருவது என்றுதான் மனதில் பதிந்திருந்தது. புத்தகத்தில் இருந்ததை என் உடம்போடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் என்னைவிட இரண்டு மூன்று வயது கூடிய டொக்டர். கிட்ட வந்து மூச்சை முகர்ந்தார். அழுகிய பழம்போல் மணக்கிறது என்றார். உடனே வாட்டில் சேர்த்துவிட்டார். மூன்றாம் நாள், நான் எழுந்து உட்காரக்கூடிய நிலைக்கு வந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"நீங்கள் விலங்கியல் ரீச்சர். உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை."

"இல்லை டொக்டர், விளங்கப்படுத்துங்கோ. நான் படிச்சது சோதினைக்கு."

அவர் சிரித்தார். "உங்கடை சதையி இனி இன்சுலின் சுரக்காது. அது செய்த வேலையை இனி நீங்கள்தான் செய்யவேணும். எவ்வளவு சாப்பிடுறியள், எவ்வளவு நடக்கிறியள், எவ்வளவு மருந்து போடுறியள், மூண்டையும் ஒவ்வொரு நாளும் பொருத்தவேணும். லீவு இல்லை."

"ஞாயிற்றுக்கிழமையுமோ?"

"ஞாயிற்றுக்கிழமையும்."

அந்தப் பதிலைக் கேட்டபோது எனக்குப் பயத்தோடு வேறொன்றும் வந்தது. ஒரு மாதிரியான வீம்பு. ஒரு சாண்கூட இல்லாத சதைத்துண்டு இருபத்தாறு வருடம் படிப்பில்லாமல் செய்த வேலையைப் பட்டம் பெற்ற என்னால் செய்ய முடியாதா என்று நினைத்தேன். எவ்வளவு கெட்டித்தனமான சதைத்துண்டு அது என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

ஊசி போடத் தாதி பழக்கினார். முதல் இரண்டு நாள் தோடம்பழத்தில் குத்தினேன். மூன்றாம் நாள் என் தொடையில். கண்ணாடி ஊசிக் குழலைக் கொதிக்கவைக்க வேண்டும், மருந்தைக் குளிராக வைக்க வேண்டும், போத்தலைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் இரண்டு சிக்கல் காத்திருந்தன. முதலாவது, எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. இரண்டாவதை அம்மா தொடக்கிவைத்தார்.

"பிள்ளை, உந்த மருந்து என்னத்திலை செய்யிறது?"

எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. நான் பொய் சொல்லியிருக்கலாம். அம்மா ஆங்கிலம் வாசிக்க மாட்டார்.

"மாட்டின்ரை சதையியிலையிருந்து எடுக்கிறது அம்மா."

அம்மா எழுந்துபோய்க் கிணற்றடியில் தலைக்கு வார்த்தார். மாலையில் விளக்கு வைத்துவிட்டு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "போடாட்டில் என்ன நடக்கும்?"

"ஒரு மாதம் இருப்பன். கூடினால் இரண்டு."

மறுநாள் காலையில் பார்த்தேன். குசினிக்குப் பின்னால், வேப்பமர நிழலில், பெரிய மண்சட்டி ஒன்றில் மணலை நிரப்பி, அதன் நடுவில் சின்ன முட்டி ஒன்றைப் புதைத்து, மணலைத் தண்ணீரால் நனைத்து வைத்திருந்தார் அம்மா. மருந்துப் போத்தலை முட்டிக்குள் இறக்கி ஈரச் சாக்கால் மூடினார். ஈரம் காயக் காய உள்ளே குளிரும். வேர்வை உடம்பைக் குளிரவைப்பதும் இதே முறையில்தான் என்று நான் சொல்லத் தொடங்கினேன்.

"எனக்குத் தெரியும். தண்ணிப் பானை வைக்கிறனான்தானே" என்று மறித்துவிட்டார். அதற்குப் பிறகு காலையும் மாலையும் அந்த மணலை நனைக்கும் வேலையை என்னைத் தொடவே விடவில்லை. சாமியறைக்கு மட்டும் அந்தப் போத்தல் ஒருநாளும் போனதில்லை.

கலியாணப் பேச்சு அந்த வைகாசியில் குழம்பிப்போனது. மாப்பிள்ளை கொழும்பில் பொறியியலாளர். சாதகம் பொருந்தி, சீதனப் பேச்சு முடிந்து, நாள் வைப்பதுதான் மிச்சம். அண்ணை லீவு போட்டுவிட்டு வந்து என்னை முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"தங்கச்சி, இப்ப ஒண்டும் சொல்ல வேண்டாம். முடிஞ்ச பிறகு மெல்லச் சொல்லிக்கொள்ளலாம்."

"அண்ணை, நான் ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஊசி போடுறனான். எங்கை ஒளிச்சு நிண்டு போடச் சொல்லுறியள்?"

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, என்னுடைய கோப்பையில் ஏன் சீனி இல்லை என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டபோது சொன்னேன். சொல்லிமுடிய ஒரு நிமிடம் சென்றிருக்கும். அவர்கள் மரியாதையான ஆட்கள். மிச்சத் தேத்தண்ணீரைக் குடித்து முடித்து, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் அன்று அழுதேன். வீட்டில் காலையும் மாலையும் சிறுநீரைச் சோதித்த குழாயில் ஒரு கிழமைக்கு நிறம் செம்மஞ்சளுக்குக் கீழே இறங்கவில்லை. கவலையும் சீனியைக் கூட்டும் என்பதை அப்படித்தான் படித்தேன்.

அந்த ஆவணியில் தொண்டைமானாற்றுச் சந்நிதித் திருவிழாவுக்குப் போனோம். எனக்குச் சுகம் வரவேண்டும் என்று அம்மா நேர்ந்திருந்தார். பூசை முடிந்துதான் சாப்பாடு என்பது நேர்த்தி. நான் காலையில் வழக்கமான மருந்தில் பாதியைப் போட்டேன். பாதி போட்டால் அரைநாள் பட்டினியைத் தாங்கும் என்பது என் கணக்கு. அம்மாமேல் பிழை இல்லை. அவர் கேட்டதற்கு ஓம் சொன்னதும் கணக்குப் போட்டதும் நான்தான்.

பஸ்சால் இறங்கிச் சுடுமணலில் நடக்கும்போதே எனக்கு எரிச்சல் பிடித்துவிட்டது. வெயில்மீது, மேளத்தின்மீது, அம்மா கையில் தூக்கிவந்த அர்ச்சனைத் தட்டின்மீது. இன்றைக்கு என்றால் அந்த எரிச்சல் வந்த உடனேயே எனக்கு விளங்கியிருக்கும். அன்றைக்குத் தெரியவில்லை. காவடிகள் வந்தன. நாதஸ்வரம் காதுக்குள் புகுந்து தலைக்குள் ஊதுவதுபோல் இருந்தது. அதற்குப் பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. அம்மாவும் மற்றவர்களும் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

நான் நடுங்கத் தொடங்கினேனாம். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி, கொண்டை அவிழ்ந்து, கண் ஓரிடத்தில் குத்தியபடி நின்று ஆடினேனாம். பக்கத்தில் நின்ற ஒருவர், "பிள்ளைக்கு உரு வந்திட்டுது" என்றார். அவ்வளவுதான். பெண்கள் சுற்றிச் சூழ்ந்துவிட்டார்கள். யாரோ நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். அம்மாவும் கைகூப்பிக் கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்; இதை அவர் என்னிடம் ஒத்துக்கொள்ள நாலு வருடம் பிடித்தது.

நரைத்த தலையோடு ஒரு பெண் முன்னுக்கு வந்து, கப்பலில் வேலைக்குப் போன தன் மகன் எப்போது வருவான் என்று என்னிடம் கேட்டாராம். நான் தெளிவாக, "வெள்ளிக்கிழமை" என்றேனாம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் தண்ணீர்ப்பந்தலில் நின்ற ஒரு பெண். தொண்டைமானாற்றுக் கடற்தொழில் குடும்பம், ஆற்றங்கரையோடு வீடு. நாற்பது வயது இருக்கும். வந்தவர் என் கழுத்தில் கைவைத்துப் பார்த்தார்.

"இது சாமியில்லை, பசி. பாருங்கோ, இந்த வெயிலுக்கை வேர்வை குளிர்ந்து கிடக்கு. என்ரை மனிசன் இரண்டு நாள் கடலிலை கிடந்து பட்டினியோடை வந்து விழேக்கை இப்பிடித்தான்."

"ஐயோ, பிள்ளை ஊசி போட்டவள்!" என்று அம்மாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

அந்தப் பெண் பந்தலிலிருந்து பனங்கட்டி கரைத்த தண்ணீரைப் பேணியில் கொண்டுவந்து, என் தலையைத் தன் தோளில் சாய்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வார்த்தார். முதற் பேணியில் பாதி சேலையில் ஊற்றுண்டது. இரண்டாம் பேணியை நானே பிடித்தேன். மூன்றாவதோடு உலகம் திரும்பி வந்தது. முன்னால் பத்துப் பதினைந்து பேர் கைகூப்பிக்கொண்டு நிற்பதைக் கண்டேன். என்ன நடந்தது என்று விளங்க இன்னும் கொஞ்ச நேரம் சென்றது.

நரைத்த தலைப் பெண் விடவில்லை. "பிள்ளை, வெள்ளிக்கிழமை எண்டது மெய்யோ?"

"அம்மா, எனக்கு ஒண்டும் தெரியாது. உடம்பிலை சீனி குறைஞ்சு போச்சு. மூளைக்குச் சீனி காணாட்டில் என்ன கதைக்கிறம் எண்டு தெரியாது. நான் சொன்னதை எடுக்காதேங்கோ."

"நீ எங்கை பிள்ளை சொன்னனீ? முருகனெல்லோ சொன்னவன்" என்று சொல்லிவிட்டு அவர் சந்தோசமாகப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, நன்றி சொல்ல அந்தத் தண்ணீர்ப்பந்தல் அக்காவின் வீட்டுக்கு நானும் அம்மாவும் போனோம். வலைகள் காயும் முற்றத்தில் பாய் போட்டு இருத்தினார். அந்த மகன் வந்தானா என்று கேட்டேன். வந்தான், அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். புறப்படும்போது ஓலைக் குட்டானில் பனங்கட்டி கட்டித் தந்து, "உதைக் கைப்பையுக்கை வையும். கோயிலுக்கு வரேக்கையும் வையும். முருகன் கோவிக்க மாட்டான்" என்றார். அன்றிலிருந்து பனங்கட்டி இல்லாமல் நான் படலையைத் தாண்டியதில்லை. விரதம் பிடிப்பதையும் விட்டுவிட்டேன். எனக்காக அம்மா பிடித்தார்.

அந்த நாளுக்குப் பிறகு நான் ஒழுங்காக வேலையைத் தொடங்கினேன். கொப்பி ஒன்றில் கோடு போட்டு, காலையும் மாலையும் குழாயில் கண்ட நிறம், சாப்பிட்டது, நடந்த தூரம், போட்ட மருந்து எல்லாவற்றையும் எழுதினேன். இடியப்பம் ஒன்பது சாப்பிட்டால் என்ன, ஆறு சாப்பிட்டால் என்ன, குரக்கன் பிட்டுக்கும் அரிசிமாப் பிட்டுக்கும் என்ன வித்தியாசம், நல்லூர் வரை நடந்து போய்வந்தால் எவ்வளவு இறங்கும் என்று என் உடம்புக்கு மட்டும் பொருந்தும் பாடப்புத்தகம் ஒன்றை எழுதினேன் என்று சொல்லலாம். ஒரு வருடத்தில் டொக்டர் என் கொப்பியை வாங்கி மற்ற நோயாளர்களுக்குக் காட்டத் தொடங்கினார். வகுப்பில் அந்தப் பாடம் வரும்போது நான் கலைச்சொற் பட்டியலைத் திறப்பதேயில்லை.

அறுபத்தாறில் ஒருவர் என்னைப் பெண் பார்க்க வந்தார். பக்கத்து ஆண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர். என் வருத்தத்தைப் பற்றி எல்லாம் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தோம். அம்மா எங்களைக் கதைக்க விட்டுவிட்டு உள்ளே போனதும் அவர் கேட்ட முதற் கேள்வி இது:

"சீனி குறையப்போகுது எண்டு எப்பிடித் தெரியும்?"

"முதல் கோவம் வரும். காரணமில்லாமல்."

"அப்ப கோவம் வந்தால் பனங்கட்டி. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

அந்த ஆவணியில் கலியாணம் நடந்தது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஓட்டை இருந்ததை இரண்டுபேரும் கவனிக்கவில்லை. நான் எதற்குக் கோபித்தாலும் அவர் பனங்கட்டியோடு வந்து நின்றார். அவருடைய தமக்கையின் வீட்டுக் கலியாணத்தில் என்னைப் பற்றி யாரோ சொன்னதற்கு அவர் வாய் திறக்காமல் இருந்துவிட்டார் என்று நான் கொதித்துக்கொண்டிருந்தபோதும், "இஞ்சரும், முதல் இதை வாயிலை போடும்" என்று கையை நீட்டினார்.

"இது சீனிக் கோவமில்லை! உண்மையான கோவம்!"

"எனக்கெப்பிடித் தெரியும்? இரண்டும் ஒரே மாதிரித்தானே கிடக்கு."

குழாயை எடுத்துச் சோதித்துக் காட்டினேன். மஞ்சள். சீனி கூடிக்கிடந்தது. அவர் பனங்கட்டியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

பிள்ளை வேண்டும் என்று இரண்டுபேரும் முடிவெடுத்தபோது பெண் டொக்டர் ஒருவரிடம் போனோம். என் கொப்பிகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"வேண்டாம் எண்டு சொல்ல மாட்டன். லேசு எண்டும் சொல்ல மாட்டன். உங்களைப் போல வருத்தத்தோடை பெறுகிற ஆக்களிலை கடைசி மாதத்திலை பிள்ளை தவறிப்போறது கனக்க. நான் சொல்லுறபடி கேப்பியளோ?"

"கேப்பன்."

"ரீச்சர்மார் கேக்கிறதில்லை."

"நான் கேப்பன் டொக்டர்."

அதுவரை நான் பழகிய உடம்பு இரண்டே மாதத்தில் வேறொன்றாகிவிட்டது. கொப்பியில் எழுதிய பாடமெல்லாம் பிழைத்தது. முதலில் சீனி அடிக்கடி விழுந்தது. பிறகு ஏறத்தொடங்கி, ஊசியில் முப்பது அலகு போட்டவள் ஏழாம் மாதத்தில் அறுபதைத் தாண்டினேன். கர்ப்பத்தில் சிறுநீரின் நிறத்தை நம்பவும் முடியாது. கிழமையில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கொடுத்தேன். கடைசி ஆறு கிழமையும் வாட்டிலேயே வைத்துவிட்டார்கள். அம்மா காலைச் சாப்பாட்டைக் கொண்டுவந்தால் அவர் பின்னேரம் பாடசாலை விட்டு சைக்கிளில் வருவார். வயிற்றில் பிள்ளை உதைக்காத ஒவ்வொரு அரைமணி நேரமும் எனக்கு நீளமாக இருந்தது. ஆனால் என்னை அறியாமலே மனதில் ஒரு உறுதி இருந்தது. ஆறு வருடமாக ஒரு நாள்கூட லீவு எடுக்காத வேலை இது; இதை நான் செய்வேன் என்பது.

மூன்று கிழமை முந்தியே, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. சிவந்த, உருண்ட, கொழுத்த பிள்ளை. நாள் முந்திப் பிறந்த பிள்ளை என்று ஒருவரும் நம்பமாட்டார்கள். நான் முழுதாக விழித்தபோது அவள் பக்கத்தில் இல்லை.

"எங்கை?"

"அங்காலை வாட்டிலை. கை கால் நடுங்குது. சீனி குறைஞ்சு கிடக்காம்" என்றார் அவர். முகம் வெளிறியிருந்தது.

அவருக்கு விளக்கவேண்டியவள் நானாக இருந்தேன். என்னதான் கட்டுப்படுத்தினாலும் என் இரத்தத்தில் கூடிய சீனி மாதக் கணக்காக அவளுக்குப் போயிருக்கிறது. அவளுடைய சின்னச் சதையி அதற்கு ஈடுகொடுத்து இன்சுலினை வாரிச் சுரக்கப் பழகிவிட்டது. இப்போது கொடியை அறுத்தாயிற்று. என்னிடமிருந்து சீனி போவதில்லை. சதையிக்கு அது இன்னும் தெரியாது, பழையபடியே சுரந்துகொண்டிருக்கிறது.

"அப்ப என்ன செய்யிறது?"

"சீனித் தண்ணி குடுத்துப் பிடிச்சுக்கொண்டு இருக்கவேணும். அது தானே பழகிக்கொள்ளும்."

"பழகுமோ?"

"பழகும். அவளின்ரை சதையி நல்ல சதையி. நல்லாய் வேலை செய்யிறதுதான் இப்பத்தைப் பிரச்சினை."

போய் அவளைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அவரை அனுப்பினேன்.

தையலோடு என்னால் எழும்ப முடியாது. அவர்தான் இரண்டு வாட்டுக்கும் இடையில் நடந்தார். அங்கே தாதிமார் துளித்துளியாகக் குளுக்கோசுத் தண்ணீர் பருக்கினார்கள். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவள் குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். ஆய்வுகூடத்திலிருந்து விடை வரும்போதெல்லாம் அவர் அதைக் கேட்டு வந்து எனக்குச் சொன்னார். மறுநாள் மத்தியானம் வந்தபோது கையில் ஒரு கடுதாசி இருந்தது. சட்டைப் பையில் இருந்த பள்ளிக்கூடச் சுற்றறிக்கையின் பின்பக்கம். அதில் பென்சிலால் வரைபு கீறியிருந்தார். நேரம் கிடையாக, சீனி நிலைக்குத்தாக. கோடு பள்ளத்தில் தொடங்கி ஏறி, விழுந்து, மறுபடி ஏறி, அவ்வளவு விழாமல் திரும்பி, இன்னும் கொஞ்சம் ஏறி நின்றது.

"இஞ்சை பாரும். அலை சின்னனாகிக்கொண்டு வருகுது. கடைசி மூண்டும் பாரும், ஏறக்குறைய ஒரு கோட்டிலை நிக்குது. கடைசி இரண்டுக்கும் தண்ணி குடுக்கேல்லையாம்."

கடுதாசியை வாங்கிப் பார்த்தேன். வருடக்கணக்காக ஒருசீர்த்திடநிலைப் பாடத்துக்குக் கரும்பலகையில் நான் கீறிய படம்தான். ஒரு பிள்ளையின் உடம்பு அதைத் தானாகக் கீறி முடித்திருந்தது, முப்பது மணி நேரத்துக்குள், ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல். அப்போதுதான் அழுதேன். தையல் நோகும், அழாதேயும் என்று அவர் சொன்னார். சொன்னவரும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

பின்னேரம் தாதி ஒருவர் அவளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் தந்தார். நடுக்கம் இல்லை. கொட்டாவி விட்டாள்.

"இனி எங்கடை காவல் வேண்டாம். இவ தன்னைத் தானே பாத்துக்கொள்ளுவா" என்றார் தாதி. "பாலைக் குடுங்கோ."

கொடுத்தேன். அவள் பிடித்த பிடியில் எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு நெற்றியில் வேர்த்தது. ஒரு காரணமும் இல்லாமல் யன்னல் திரையின் நிறம்மீது எரிச்சல் வந்தது. பிள்ளை பெற்றதோடு மருந்தின் தேவை மளமளவென்று குறைந்துவிடும், பால் கொடுத்தால் இன்னும் குறையும் என்று டொக்டர் முதலே சொல்லிவைத்திருந்தார்.

"இஞ்சேருங்கோ," என்றேன், "அந்தத் திரையை ஆர் உந்த நிறத்திலை போட்டது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பையைத் திறந்து, ஒரு துண்டு பனங்கட்டியை உடைத்து என் வாயில் போட்டார். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தாள். நான் பனங்கட்டியைச் சூப்பிக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டு கை நிறையச் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வாட்டு வாசலில் வந்து நின்று, "ஆர் முதல் சாப்பிடுறது?" என்று கேட்டார்.